மாங்கூழ் ஆலை வாசலில் எந்த லாரி முதலில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

மாங்காய்ப் பருவம் வந்தால் கிருஷ்ணகிரி மாவட்ட மாங்கூழ் ஆலைகள் முன்பு லாரி வரிசை நீள்கிறது. டோக்கன் எண்படி இறக்குவதுதான் நியாயம் என்று தோன்றும். ஆனால் காத்திருக்கும் சரக்கு வேலையை வளர்க்கும். தார்ப்பாய் போட்டு மூடிய லாரியில் அடிச்சரக்கு சூடேறிக் கனிந்து நசுங்கும். காம்போடு பறிக்காமல் உலுக்கி விழுத்திய காயில் அடிபட்ட இடத்திலிருந்து அழுகல் பரவும். தரம் பிரிக்கும் நேரம் ஏறிக்கொண்டே போகும்.

பாதி கனிந்த அல்போன்சா லாரியைப் பிரிக்க இப்போது 120 நிமிடம். காத்திருக்கும் மணிக்கு 20 நிமிடம் கூடும் என வைப்போம். காயாக வந்த பெங்களூராவுக்கு 60 நிமிடம். மணிக்கு 5 நிமிடம் கூடும். சின்ன வேலை முதலில் என்று பெங்களூராவை இறக்கினால் 60, பிறகு 140, ஆக 200 நிமிடம். அல்போன்சா முதலில் என்றால் 120, பிறகு 70, ஆக 190.

இப்போது ஆகும் நேரத்தை மணிக்குக் கூடும் நேரத்தால் வகுத்து, சிறிய எண்ணை முதலில் எடுக்க வேண்டும். இங்கே அல்போன்சாவுக்கு 6, பெங்களூராவுக்கு 12. ஒரே இயந்திரத்துக்கு இந்த வரிசைதான் மொத்த வேலையைச் சீக்கிரம் முடிக்கும் என்று ஆய்வாளர்கள் பிரவுனும் யெகியாலியும் 1990-இல் நிரூபித்திருக்கிறார்கள். ஒரு மணி கழிந்தால் எல்லா வண்டியின் எண்ணும் ஒன்று கூடும், அதனால் வரிசை கலையாது; புதிதாக வரும் வண்டியை இடையில் செருகினால் போதும்.

அளப்பது கடினமில்லை. மேல், நடு, அடி என மூன்று கிரேட் எடுத்துப் பிரித்து, ஆகும் நேரத்தை மொத்த கிரேட்டுக்குப் பெருக்கலாம். இரண்டு மணி கழித்து அதே லாரியில் இன்னும் மூன்று எடுத்துப் பார்த்தால் கூடும் வேகம் தெரியும். பருவத் தொடக்கத்தில் ரகம், கனிவு வாரியாக அளந்து அட்டவணை போட்டுக்கொண்டால் தினமும் அளக்க வேண்டாம்.

வேலை சீராகக் கூடும் வரைதான் இந்தக் கணக்கு. சாறு வடியத் தொடங்கிய லாரியை எண் பார்க்காமல் இறக்க வேண்டும். தரம் பிரிக்க இரண்டு பெல்ட் ஓடினால், எந்த லாரி எந்தப் பெல்ட்டுக்கு என்பதற்கு இவ்வளவு எளிய விதி கிடையாது. பெல்ட்டுக்குள் மட்டும் இதே வரிசை பொருந்தும்.

முன்னால் வந்தவரைப் பின்னுக்குத் தள்ளுவதா என்று விவசாயி கேட்பதும் சரிதான். லாபம் ஆலைக்கு என்பதால், தள்ளப்பட்ட வண்டியின் காத்திருப்புக் கூலியையும் ஆலையே தர வேண்டும். எண்களை வாசல் பலகையில் எழுதியும் வைக்க வேண்டும். இல்லையேல் வேண்டியவர் லாரிக்கு மட்டும் எண் சிறுத்துவிடும்.

– வாசகர், காவேரிப்பட்டணம்