பின்னேரங்களில் பொதுநோக்கு மண்டபத்தைத் திறந்து தரக் கோரும் மனு

பெறுநர்:
மாவட்டச் செயலாளர் / அரசாங்க அதிபர்,
மாவட்டச் செயலகம்,
கிளிநொச்சி.

ஊடாக: பிரதேச செயலாளர்

மதிப்பிற்குரிய ஐயா,

நாங்கள் பரந்தனிலிருந்து முல்லைத்தீவு போகும் ஏ-35 வீதிக்கு உட்புறமாக இருக்கும் வாய்க்கால்கரைக் கிராமம் ஒன்றின் இளைஞர்கள். பதினான்கு பேர், அதில் நான்கு பேர் பெண்பிள்ளைகள். ஊர்ப் பெயரையும் எங்கள் பெயர்களையும் இந்தத் தாளில் எழுதவில்லை. கையெழுத்துத் தாளைத் தனி உறையில் ஒட்டி வைத்திருக்கிறோம். தாங்கள் மட்டும் பார்க்க வேண்டும். எங்களில் மூன்று பேர் கசிப்பு என்ற கள்ளச் சாராயத்தையும் ஐஸ் என்ற போதைப்பொருளையும் விட்டு வந்தவர்கள். மனு இரண்டு மேசை கடப்பதற்குள் பெயர் ஊருக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் அந்தப் பெடியனுக்கு வேலையும் கிடைக்காது, பெண்ணும் கிடைக்காது.

கேட்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எங்கள் ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தின் திறப்பு (சாவி) பின்னேரம் ஐந்து மணியிலிருந்து இரவு எட்டரை வரை எங்களிடம் இருக்க வேண்டும். இரண்டு கிழமைக்கு ஒரு தடவையாவது உளவளத்துணை உத்தியோகத்தர் ஒருவர் ஊருக்கே வர வேண்டும்.

ஏன் பின்னேரம் என்று கேட்பீர்கள். காலையில் வயல், மேசன் வேலை, மணல் ஏற்றும் வேலை என்று ஏதோ ஒன்றில் பொழுது போய்விடுகிறது. ஐந்து மணிக்கு வந்து குளித்தால் அதற்குப் பிறகு போக இடம் இல்லை. வீட்டில் இருந்தால் கடன் கதை, காணாமல் போன அப்பாவின் கதை. வெளியே வந்தால் மதகடி, வாய்க்கால் மதகுக்குப் பக்கத்து இடம். ஊரில் வீதி லைட் எரிவது அங்கே மட்டும்தான்; அந்த வெளிச்சத்துக்குத்தான் போதை விற்பவர்களின் மோட்டார் சைக்கிளும் வந்து நிற்கிறது. முதல் இரண்டு தடவைக்குக் காசு வாங்கமாட்டார்கள். விட்டு வந்த மூவரும் சொல்வது ஒன்றுதான்: பகல் முழுக்க நினைப்பே வராது, பொழுது சாயும்போதுதான் கால் தானாக மதகடிக்கு நடக்கும்.

அதனால் ஒன்றரை வருடமாக அந்த மூன்றரை மணித்தியாலத்தை மட்டும் பிடித்து வைத்திருக்கிறோம். கரப்பந்தாட்டம், ஒரு வீட்டு முற்றத்தில் சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம், சில நாட்களில் வெறும் தேத்தண்ணியும் கதையும். ஒருவர் வரவில்லை என்றால் இரண்டு பேர் சைக்கிளில் வீட்டுக்குப் போவோம். ஏன் வரவில்லை என்று கேட்பதில்லை, சும்மா இருந்துவிட்டு வருவோம். மழைக்காலத்தில் இது குழம்பிவிடுகிறது. சென்ற மாரியில் முற்றம் முழுக்கச் சேறு. ஆறு கிழமை நாங்கள் ஓரிடத்தில் சேர முடியவில்லை. அந்த ஆறு கிழமைக்குள் ஒருவன் திரும்பப் போய்விட்டான். மண்டபம் அப்போதும் பூட்டித்தான் கிடந்தது, உள்ளே கதிரைகள் அடுக்கியபடி. திறப்பு யாரிடம் என்று கேட்டு மூன்று இடம் ஏறி இறங்கினோம். எந்த இடங்கள் என்று எழுதவில்லை. குறை சொல்ல இந்த மனுவை எழுதவில்லை.

எங்கள் பிழையையும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் ஓர் அண்ணரைக் கோயிலில் சத்தியம் பண்ண வைத்து, பல வருடம் குடித்த கசிப்பை ஒரே நாளில் நிறுத்தினோம். மூன்றாம் நாள் கை நடுங்கி, வியர்த்து, வலிப்பு வந்து விழுந்தார். நல்ல காலம், ஓட்டோ கிடைத்தது. நீண்ட காலம் கடுமையாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு வரலாம், உயிரே போகலாம், மருந்தோடுதான் நிறுத்த வேண்டும் என்று வைத்தியர் அன்றைக்குத்தான் எங்களுக்கு விளங்கப்படுத்தினார். ஐஸ் வேறு மாதிரி. விட்டவர் நாள்கணக்கில் தூங்குவார், பிறகு வாழ்க்கையே வெறுத்ததுபோல் இருப்பார், ஆசை கிழமைக்கணக்கில் வந்து வந்து போகும். அதற்குப் பதிலாகக் கொடுக்க மருந்து இல்லை, பக்கத்தில் ஆள்தான் இருக்க வேண்டும். ஆளாக இருக்க எங்களால் முடியும். எப்போது வைத்தியசாலைக்குக் கொண்டு போக வேண்டும், எப்போது தற்கொலை எண்ணம் என்று சந்தேகிக்க வேண்டும் என்பதைச் சொல்லித்தர ஒருவர் வேண்டும். போதை பற்றிய ஆலோசனைக்கு 1927 இலக்கத்துக்கு அழைக்கலாம்தான். ஆனால் ஒரே ஒரு போன் உள்ள வீட்டில், தாய்க்கு முன்னால் எந்தப் பிள்ளை அதில் கதைக்கும்?

இன்னொரு விடயம், வன்னிக்கு வெளியே இருப்பவர்களுக்கு இலகுவில் விளங்காது. எங்கள் ஊரில் 'புனர்வாழ்வு' என்ற சொல்லைச் சொன்னால் அம்மாமார் எழும்பிப் போய்விடுகிறார்கள். 2009 இல் போர் முடிந்த பிறகு முன்னாள் போராளிகள் என்று ஏறத்தாழ 12,000 பேர் அந்தச் சொல்லின் கீழ்த்தான் முகாம்களுக்குக் கொண்டு போகப்பட்டார்கள். அவர்களில் சிலர் எங்கள் மாமாமார், சித்தப்பாமார். இப்போது கந்தக்காட்டில் போதையில் இருந்து மீட்கும் நிலையத்தை நடத்துவதும் அதே புனர்வாழ்வுத் துறைதான். பொலன்னறுவை மாவட்டத்தில், மொழி தெரியாத இடத்தில் பிள்ளையை விடுவதா என்று தாய் கேட்டால் எங்களிடம் பதில் இல்லை. போதைக்கு அடிமையானவர்களுக்கான 2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டம் தானாக விரும்பி வந்து சிகிச்சை பெறவும் இடம் தருகிறது. ஆனால் ஊருக்குத் தெரிந்த சட்டம் 2022 இல் திருத்தியதுதான்: 5 கிராம் ஐஸோடு பிடிபட்டால் ஆயுள் தண்டனை, மரண தண்டனை வரைக்கும் போகலாம். அந்தப் பயத்தில் விற்பவன் ஒளிவதைவிட, பாவிக்கும் பிள்ளையைத் தாய் ஒளிப்பதுதான் அதிகம்.

சுற்றிவளைப்பு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. காட்டுக்குள் கசிப்புக் காய்ச்ச ஊறப்போட்ட கோடா பரல்களை உடைக்கும்போது எங்களுக்கும் சந்தோசம்தான். 21 வயதுக்குக் குறைந்தவருக்குச் சாராயமும் சிகரட்டும் விற்கக் கூடாது என்று 2006 இலேயே சட்டம் வந்தது. அதைக் கடைகளில் பார்க்கச் சொல்லுங்கள். யூன் 26 போதை ஒழிப்பு தின ஊர்வலத்துக்கும் வருவோம். போன தடவை பதாகை பிடித்து நடந்தபோது மதகடியில் நின்றவர்களும் எங்களுக்குக் கை காட்டினார்கள், அதையும் சொல்லத்தானே வேண்டும்.

உளவளத்துணை உத்தியோகத்தர் வரும் நாளில் தனியாக இருந்து கதைக்க மண்டபத்தில் ஒரு சிறிய அறை இருக்கிறது. அவரிடம் வருகிறவரின் பெயர் பொலிசுக்குப் போகாது என்று தாங்கள் எழுத்தில் ஒரு வரி தந்தால், அதைக் காட்டி நாங்கள் தாய்மாரோடு கதைப்போம். விட்டு வந்த மூவரில் ஒருவர் வெல்டிங் பழக விரும்புகிறார். அறிவியல்நகரில் இருக்கும் இலங்கை – ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில் சேர என்னென்ன வேண்டும் என்று இளைஞர் சேவை உத்தியோகத்தர் மூலம் வழிகாட்டினால் பெரிய உதவி. காசாக எதுவும் கேட்கவில்லை. மின்கட்டணத்தை நாங்களே கட்டுவோம்.

மண்டபத்துக்குச் சேதம் வந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வி வரும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் மாதர் சங்கத்து அக்கா ஒருவரும் திறப்புக்குக் கையெழுத்து வைக்கச் சம்மதித்திருக்கிறார்கள்; அவர்களுடைய கடிதங்களும் உறைக்குள் இருக்கின்றன.

காலபோக அறுவடை தையில் தொடங்கும். வெட்டு முடிந்து கையில் காசு புழங்கும் அந்தக் கிழமைகளில்தான் மதகடிக்கு அதிக மோட்டார் சைக்கிள் வரும். அதற்கு முன் திறப்பு கிடைக்க ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
கிராமத்து இளைஞர்கள் பதினான்கு பேர்
(கையெழுத்துகள் தனி உறையில்)