எலும்பு முறிந்தவரை இழுத்துத் தூக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் எங்கள் தெருமுனையில் பைக்கிலிருந்து விழுந்த பையனை நாலு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள், முழங்காலுக்குக் கீழே கால் கோணலாகத் தொங்கியது, அவன் போட்ட அலறல் இன்னும் காதில் இருக்கிறது. நல்ல மனசுதான், ஆனால் உடைந்த எலும்பு முனை உள்ளே ரத்தக்குழாயைக் கிழித்துவிடலாம். 108-ஐ அழைத்துவிட்டு, கால் கிடந்த நிலையிலேயே ஒரு கெட்டி அட்டையை அண்டக்கொடுத்து, முறிவுக்கு மேல் மூட்டும் கீழ் மூட்டும் அசையாதபடி துண்டால் கட்டுங்கள். எலும்பு வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளவே கூடாது, சுத்தமான துணியால் மூடினால் போதும்.

அப்புறம், கட்டு. என் அக்கா மகனுக்கு முன்கை முறிந்தபோது நாட்டு வைத்தியர் ஒருவர் மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினார். ராத்திரி விரல்கள் வீங்கி நீலம் பாரித்து, லேசாக நீட்டினாலே துடித்தான். ‘கட்டு போட்டா வலிக்கத்தான் செய்யும்’ என்றார்கள். அவிழ்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியதால் கை பிழைத்தது. உள்ளே அழுத்தம் ஏறினால் சில மணி நேரத்தில் தசை செத்துவிடும், மாவுக்கட்டிலும் இது நடக்கும். கட்டிய கை, காலில் ரத்தம் ஓடுகிறதா என்று பார்க்க நகத்தை அழுத்துங்கள், விட்டதும் சுமார் 2 விநாடியில் சிவப்பு திரும்ப வேண்டும்.

ஆட்டோ ஸ்டாண்டுகளில் இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க சுகாதாரத்துறை ஏற்பாடு செய்ய வேண்டும், விபத்து நடந்த இடத்துக்கு முதலில் ஓடி வருபவர்கள் அவர்கள்தான்.