கே3 என்றொரு கட்டம் கிடையாது: போட்டி மலர் போடுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதுரை வட்டாரத்தில் சதுரங்கப் போட்டி நடத்தி, முடிந்த கையோடு மலரும் போடும் குழுவினருக்கு,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். சாயங்காலம் தெருப் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுக்கிறேன். போன வருஷம் வந்த ஒரு மலரில் என் மாணவி ஜெயித்த ஆட்டத்தைக் குறிப்புரையோடு போட்டிருந்தார்கள். ஆசையாகத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவள், இரண்டாம் பக்கத்திலேயே நின்றுவிட்டாள். "சார், இது நான் ஆடினதே இல்லையே!"

வாங்கிப் பார்த்தேன். முதல் வரியே "ந4 ந5" என்றிருந்தது. அடுத்து "கே3". கொஞ்ச நேரம் திகைத்துவிட்டுத்தான் பிடிபட்டது. இரண்டு பக்கமும் ஈ வரிசைச் சிப்பாயைத் தள்ளி, வெள்ளைக் குதிரை எஃப்3-க்கு வரும் சாதாரணத் தொடக்கம் அது. டிடிபி தம்பி குறிப்புரையைப் பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறார். நகர்த்தல்களுக்கு ஆங்கில எழுத்துருவை மாற்ற மறந்துவிட்டார். பாமினியில் ஈ விசையில் ந உட்கார்ந்திருக்கிறது, எஃப் விசையில் க. குதிரையைக் குறிக்கும் ஆங்கிலப் பெரிய எழுத்து 'N' இரட்டைக் கொம்பாகிவிட்டது. சதுரங்கத்தில் வரிசைகள் எச்சோடு முடிந்துவிடும். கே வரிசைக்கு எங்கே போவது?

படம் அதைவிட மோசம். செல்போனில் எடுத்து ஒட்டிய மங்கல் படம். வெள்ளைக் காய் ஆடுபவர் உட்காரும் பக்கத்து வலதுமூலைக் கட்டம் கறுப்பாக இருந்தது. அது வெள்ளையாக இருக்க வேண்டும் என்பது முதல் நாள் வகுப்பிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது.

தம்பியைக் குறை சொல்லவில்லை. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர், ஆட்டம் தெரியாதவர். நகர்த்தலை ஒருமுறை கையால் அடித்து, படத்தைத் தனியாக இன்னொருமுறை கையால் கட்டினால், இரண்டும் ஒத்துப்போவது அதிர்ஷ்டம்தான். ஆகவே நான் கேட்பது ஒன்றுதான்: நகர்த்தலை ஒரே ஒருமுறை எழுதுங்கள், பலகையை அதிலிருந்தே வரைய விடுங்கள்.

அதற்கு லேடெக் இருக்கிறது, கட்டளைகளோடு அடித்ததை அச்சுப் பக்கமாக அமைத்துத் தரும் மென்பொருள். கணக்குக் கேள்வித்தாள் தயாரிக்க நான் பல வருஷம் பிடித்துக்கொண்டிருந்தது அதைத்தான். அதற்கு அடியில் ஓடும் டெக்கை உருவாக்கிய டொனால்ட் க்னூத், 1977-இல் தன் புத்தகத்தின் அச்சுப்படியைப் பார்த்து நொந்துபோய், தானே மென்பொருள் எழுத உட்கார்ந்தவர். நம்மைப் போல வயிறெரிந்தவர்தான். லேடெக்குக்குக் காசு கிடையாது, திருட்டுப் பிரதி தேடி அலையவும் வேண்டாம். அதில் உல்ரிகே ஃபிஷர் எழுதிய எக்ஸ்ஸ்காக் என்ற சதுரங்கத் துணைத் தொகுப்பைச் சேர்த்துக்கொண்டால் போதும். மெயின்லைன் என்ற கட்டளைக்குள் நகர்த்தல்களை அடித்துக்கொண்டே போகலாம். பலகை வேண்டிய இடத்தில் செஸ்போர்டு என்று ஒரு சொல். அதுவரை ஆடிய ஆட்டத்தின் நிலை அப்படியே படமாக வந்து நிற்கும். "இப்படி ஆடியிருந்தால்?" என்ற கிளைகளை வேரியேஷன் கட்டளைக்குள் போட்டால், மூல ஆட்டத்தின் நிலை கலையாது. குறிப்புரைக்கு உயிர் அதுதான்.

குகேஷ் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலகச் சாம்பியன் போட்டியில் டிங் லிரெனை வென்ற பதினான்காவது ஆட்டத்தைப் பிள்ளைகளுக்காக இப்படித்தான் அடித்தேன். 55-ஆவது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்தார். அங்கே இரண்டு கேள்விக்குறி, பெருந்தவறு என்று அர்த்தம். அதற்குச் சற்று முன்னால் ஒரு பலகை. குகேஷ் கறுப்பு என்பதால் இன்வெர்ஸ் என்று ஒரு சொல் சேர்த்தேன். பலகை அவர் பக்கத்திலிருந்து திரும்பிக்கொண்டது. யானைகள் வெட்டுப்பட்டதும் கறுப்பு மந்திரி (பிஷப்) டி5-க்கு வருகிறது. ஏ8 மூலையில் மாட்டிக்கொண்ட வெள்ளை மந்திரிக்கு வெட்டிக்கொள்வதைத் தவிர வழியில்லை. மிஞ்சுவது ராஜாக்களும் சிப்பாய்களும். குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். இதை வாயால் சொன்னபோது தலையாட்டிய பிள்ளைகள், தாளில் பார்த்ததும் சண்டை பிடித்தார்கள்.

"நகர்த்தலையும் தமிழ் எழுத்திலேயே போடலாமே" என்று சிலர் கேட்கிறார்கள். ஆசை நல்லதுதான். ஆனால் ராஜாவுக்கும் ராணிக்கும் முதலெழுத்து 'ரா'தான். யானை என்பார் ஒருவர், கோட்டை என்பார் இன்னொருவர். லேடெக்கில் காய்க்கு எழுத்தே வேண்டாம், குட்டிக் குதிரைப் படமே வரியில் வந்து நிற்கும். தமிழுக்கு யுனிகோட் எழுத்துரு ஒன்றை வைத்து, யுனிகோட் புரிந்த லேடெக் வடிவமான ஸீலேடெக்கில் ஓட்டினால் கொம்பும் காலும் சரியான இடத்தில் விழும்.

முதல் நாள் தலைவலி உண்டு, மறைக்க மாட்டேன். ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனால் ஒரு பக்க நீளத்துக்குப் பிழைச்செய்தி போட்டுத் திட்டும். அதோடு, ஆடும்போது நகர்த்தல்களைக் கையால் கிறுக்கிய ஸ்கோர் ஷீட்டை அது திருத்தித் தராது. ஆட்டத்தை முதலில் ஒரு செஸ் மென்பொருளில் ஓட்டிப் பார்த்து, நகர்த்தல்களை எழுத்தாகச் சேமிக்கும் பிஜிஎன் கோப்பாக எடுத்துக்கொண்டு பிறகு வாருங்கள்.

அடுத்த மலருக்கு முன்னால் சொல்லியனுப்பினால், மாதிரிக் கோப்பை நானே கொண்டுவருகிறேன். அந்தத் தம்பியையும் கூப்பிடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து காட்டுகிறேன். என் மாணவியின் ஆட்டத்தை மட்டும் திரும்பவும் போட்டுவிடுங்கள். அடித்துத் தயாராக வைத்திருக்கிறேன். பதினேழாவது நகர்த்தலுக்கு நான் வைத்த கேள்விக்குறியை எடுக்கச் சொல்லி அவள் அடம்பிடிக்கிறாள். எடுப்பதாக இல்லை.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு பழைய கணக்கு வாத்தியார்