பாலைவன வழி போகும் மலருக்கு

அன்புள்ள மலர்,

புது வேலையில் சேர்வதற்கு முன் டாலஸிலிருந்து சான் டியேகோ வரை தனியாகக் கார் ஓட்டப் போகிறாய் என்று எழுதியிருந்தாயே, அதை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். "சோத்துக்கு என்ன பண்ணுவா?" என்றுதான் முதலில் கேட்டாள். அம்மாவின் முழங்கால் வலி இங்கே வந்ததிலிருந்து கொஞ்சம் தேவலை. ஃபீனிக்ஸில் உருப்படியான விஷயம் அது ஒன்றுதான் என்கிறாள். எனக்குப் பழைய கதைதான்: அதே வேலை, அதே மேனேஜர்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். ஹோட்டல் காசை மிச்சம் பிடிக்க டென்ட் போடலாம், ஆனால் பாம்பும் திருடனும் பயமாக இருக்கிறது என்கிறாய். டிசம்பர் கடைசியில் பாம்புகள் பெரும்பாலும் வளைக்குள்ளேயே கிடக்கும். தேள் இருந்தால் புற ஊதா டார்ச் வெளிச்சத்தில் பச்சையாக மின்னும். காலையில் ஷூவை உதறிப் போட்டுக்கொள், போதும். ஆட்களைப் பற்றி: பக்கத்தில் யாராவது சரியில்லை என்று பட்டால் யோசிக்காமல் கிளம்பு. அதற்காகவே காரை எப்போதும் வெளியே போகும் திசை பார்த்து நிறுத்து. என் கவலை வேறு. சிக்னல் இல்லாத மண் சாலையில் உன் கார் நின்றுபோய், நீ எங்கே இருக்கிறாய் என்று ஒருவருக்கும் தெரியாமல் போவதுதான்.

இடத்தைப் பொறுத்தவரை, டெக்சாஸில் இலவச நிலம் தேடி அலையாதே. அங்கே கிட்டத்தட்ட எல்லாமே தனியார் நிலம். ஓர் இரவு தேவைப்பட்டால் நெடுஞ்சாலை ரெஸ்ட் ஏரியாவில் காருக்குள்ளேயே தூங்கு. 24 மணி நேரம் வரை நிற்கலாம், டென்ட் மட்டும் கூடாது. நியூ மெக்சிகோவுக்குள் நுழைந்த பிறகுதான் பி.எல்.எம். நிலம் தாராளமாக வரும். மத்திய அரசின் நில மேலாண்மைத் துறையைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். தடைப் பலகை இல்லாத இடங்களில் பொதுவாக 14 நாள் வரை காசில்லாமல் தங்கலாம். தண்ணீர், கழிப்பறை, குப்பைத்தொட்டி எதுவும் இருக்காது. கொண்டுபோன குப்பை உன்னோடேயே திரும்பி வர வேண்டும். அரிசோனாவில் மாநில அறக்கட்டளை நிலமும் இதை ஒட்டியே கிடக்கும், அதற்கு பெர்மிட் வேண்டும். அதனால் எது யாருடைய நிலம் என்று காட்டும் வரைபடத்தை வீட்டிலிருக்கும்போதே போனில் இறக்கி வைத்துக்கொள்.

உன் வழியில் எனக்குப் பிடித்தவை இரண்டு. யூமாவுக்கு வடக்கே கோஃபா வனவிலங்குப் புகலிடம். அங்கே தங்கக் கட்டணம் இல்லை, ஆனால் வண்டி சாலையிலிருந்து 100 அடிக்குள் நிற்க வேண்டும். அப்புறம் கலிபோர்னியாவில் ஆன்சா-பொரேகோ மாநிலப் பூங்கா. மண் சாலைகளை ஒட்டி இலவசமாகத் தங்க விடுகிறார்கள். தீ மூட்டினால் இரும்புச் சட்டிக்குள்தான், சாம்பலையும் அள்ளிக்கொண்டு வந்துவிட வேண்டும்.

எங்கே தங்கினாலும் வறண்ட ஓடைக்குள் டென்ட் போடாதே. மெத்தென்று சமமாக இருக்கும் மணல் அங்கேதான் கிடைக்கும், ஆசை காட்டும். நீ இருக்கும் இடத்தில் ஒரு துளி விழாவிட்டாலும் மலைப்பக்கம் பெய்தால் வெள்ளம் வந்துவிடும். தடுப்பு வைத்த வெள்ளச் சாலையில் காரை விட்டு மாட்டிக்கொண்டால், மீட்கிற செலவை ஓட்டியவரிடமே வசூலிக்க அரிசோனாவில் சட்டம் இருக்கிறது. அதை 'முட்டாள் ஓட்டுநர் சட்டம்' என்றே இங்கே சொல்வார்கள்!

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இரு: வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர். அரிசோனாவில் இப்போது ஐந்தரை வாக்கில் சூரியன் இறங்கிவிடும். யூமா தாண்டி ஆற்றைக் கடந்ததும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். ஆன்சா-பொரேகோவில் நாலே முக்கால் வாக்கிலேயே அஸ்தமனம். இருட்டில் போய் நின்றால் காலடியில் கெட்டித் தரையா புதைமணலா என்றும் தெரியாது, பக்கத்தில் நிற்பது யார் என்றும் தெரியாது. இன்னொன்றை யாரும் சொல்வதில்லை: இந்த மாதத்தில் இரவு கிட்டத்தட்ட 14 மணி நேரம். ஆறு மணிக்கே சாப்பிட்டு முடித்துவிட்டு விடியும்வரை என்னதான் செய்வாய்? கேட்பதற்கு நிறையக் கதைகளை இறக்கிக்கொண்டு போ.

குளிரைச் சாதாரணமாக நினைக்காதே. நியூ மெக்சிகோவில் லாஸ் குரூசெஸ் பக்கம் விடியற்காலையில் உறைநிலைக்குக் கீழே போகும். ஸ்லீப்பிங் பேக்கில் போட்டிருக்கும் வெப்பநிலை பல சமயம் தாங்கும் எல்லைதான், சுகமாகத் தூங்கும் அளவு அல்ல. அதைவிடக் கொஞ்சம் கனமானதாக வாங்கு. உடம்புச் சூட்டைத் தரை இழுத்துவிடும், அடியில் நல்ல பாய் அவசியம். பூட்டேன் கேன் அடுப்பும் அந்தக் குளிரில் வேலை செய்யாது, அந்த வாயு ஆவியாகவே ஆகாது. அதற்காக அடுப்பை டென்டுக்குள்ளோ காருக்குள்ளோ கொண்டுபோய்ப் பற்றவைத்துவிடாதே, கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொன்றுவிடும்.

மிச்சம் பிடித்த ஹோட்டல் காசைக் காரில் போடு. டோனட் மாதிரி ஒல்லி டயரை நம்பாதே, முழு அளவு ஸ்டெப்னி வேண்டும். காற்றடிக்கும் பம்ப் ஒன்று. தண்ணீர் ஒரு நாளைக்கு நாலு லிட்டர், அதற்கு மேல் இரண்டு நாள் கையிருப்பு. செயற்கைக்கோள் வழியாக மெசேஜ் அனுப்பும் கருவியை வாடகைக்காவது எடு. கார் நின்றுவிட்டால் நடந்து கிளம்பாதே. தேடுபவர்களுக்கு ஆளைவிடக் கார்தான் சீக்கிரம் கண்ணில் படும். எல்லையை ஒட்டிய சாலைகளில் ரோந்துப் படையின் சோதனைச் சாவடி வரும், விசா பேப்பர்களைக் கைக்கெட்டும் இடத்தில் வை.

தினமும் டென்ட் போட்டதும் இருக்கும் இடத்தை எனக்கு அனுப்பு. மறுநாள் காலை பத்து மணிக்குள் உன்னிடமிருந்து ஒரு வரியும் வராவிட்டால் அந்தக் கவுண்டி (மாவட்டம் மாதிரி) ஷெரிஃப் போலீஸ் ஆபீசுக்குப் போன் போடுவேன், அப்புறம் என்னைத் திட்டக் கூடாது. கார் நம்பர், நிறம், தங்கும் இடங்களின் பட்டியல் மூன்றையும் கிளம்புவதற்கு முன்பே அனுப்பிவிடு. டயர் கடைசியாக எப்போது மாற்றினாய் என்றும் எழுது.

உன்,
சுதா