கல்லட்டிக்கு மேலேயும் பாருங்கள்

நீலகிரி மாவட்ட ஆட்சியருக்கும், வனம், மீன்வளம், நெடுஞ்சாலை, மின்வாரிய அதிகாரிகளுக்கும் வணக்கம்.

மாயாற்றில் திமில் மகசீர் என்றொரு மீன் இருக்கிறது. 50 கிலோவைத் தாண்டி வளரக்கூடியது. காவிரியையும் அதன் துணையாறுகளையும் விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. அதன் அறிவியல் பெயர் டோர் ரேமாதேவி என்று உறுதியானதே 2018இல்தான். அதே ஆண்டு, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களைக் குறிக்கும் உலகச் செம்பட்டியலில் 'மிக அருகிவிட்ட இனம்' என்று பதிவாயிற்று. எஞ்சியிருக்கும் சில புகலிடங்களில் மாயாறும் ஒன்று.

இதைக் காப்பது பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் ஆற்றங்கரையைத்தான் பார்க்கிறோம். வலை, வெடி, விஷம். அவை உண்மையான ஆபத்துகள்தான். ஆனால் உதகை ஏரியின் உபரிநீர் சாண்டிநல்லா வழியாகக் காமராஜ் சாகர் அணைக்குப் போய், கல்லட்டியில் அருவியாக விழுந்து, சீகூர் ஆறாக மாயாற்றில் சேர்கிறது. கோடப்பமந்து கால்வாய் ஏரியில் கொண்டுவந்து கொட்டும் சாக்கடை எங்கே போய் முடிகிறது என்பதை இந்த வழியே சொல்லிவிடும். கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே இருக்கும் நகரம் கீழே நீந்தும் மீனின் விஷயத்திலும் பொறுப்புடையது.

நான் கோத்தகிரியில் புவியியல் கற்பிக்கிறேன். என் கோரிக்கை ஒன்றே ஒன்று: மாவட்டத்தின் ஆறுகளையும் ஓடைகளையும் சிறு சிறு துண்டுகளாகப் பிரியுங்கள், ஒவ்வொரு துண்டுக்கும், அதற்கு மேலே உள்ள நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதிலும் என்ன நடக்கிறது என்று கணக்கிட்டு வரைபடமாக்குங்கள். எத்தனை வீடுகள், எவ்வளவு தேயிலை, எவ்வளவு காய்கறி நிலம், எத்தனை அணை, சாலை எத்தனை இடத்தில் ஓடையைக் கடக்கிறது. அமெரிக்காவில் நாடு முழுவதற்கும் இப்படி மதிப்பிட்டு 2010இல் அறிக்கையே வெளியிட்டார்கள். நமக்கும் தரவு இல்லாமல் இல்லை. 2000ஆம் ஆண்டில் விண்கலத்திலிருந்து எடுத்த, 30 மீட்டர் நுணுக்கமுள்ள உயர அளவுகள் இலவசம். அதைக் கொண்டே எந்தச் சரிவின் நீர் எங்கே சேரும் என்று கணினி வரைந்துவிடும். சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 10 மீட்டர் நுணுக்கத்தில் படம் தருகின்றன. இஸ்ரோவின் புவன் வரைபடத் தளமும் இருக்கிறது.

ஆனால் படம் மட்டும் போதாது. எங்கள் ஊருக்குக் கீழே ஓர் ஓடையைச் சாலை கடக்கும் இடத்தில், சிமென்ட் குழாய்கள் பதித்த சிறுபாலம் ஒன்று இருக்கிறது. குழாயின் வாய் ஓடைத் தண்ணீருக்கு ஒரு முழம் மேலே அந்தரத்தில் நிற்கிறது. போன ஐப்பசி மழையில் மாணவர்களோடு அங்கே நின்றேன். கீழே உள்ள குட்டையில் விரல் நீள மீன்கள் கல்லில் ஒட்டிக்கொண்டு ஏறப் பார்த்தன. ஈரப்பாறையில் ஒட்டி ஏறத் தெரிந்த மீனாலும் காற்றில் விழும் தண்ணீரில் ஏற முடியாது. ஒரு முழ உயரம்தான்; அதற்கு மேலே உள்ள ஓடை முழுவதும் அந்த மீனுக்கு இல்லாமல் போய்விட்டது. எந்தச் செயற்கைக்கோளுக்கும் இது தெரியாது. வரைபடம் சாலை கடக்கும் புள்ளியைத்தான் காட்டும். குழாய் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதை ஒருவர் போய்த்தான் பார்க்க வேண்டும்.

கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட் கழுவும் இயந்திரங்களிலிருந்து ஓடையில் இறங்கும் செம்மண் கலங்கலும் அப்படித்தான். மாயாற்றைப் போலவே அந்த நீரும் கடைசியில் பவானிக்குத்தான் போகிறது. கூழாங்கற்களுக்கு நடுவே சேறு படிந்தால் அங்கே இடப்பட்ட முட்டை மூச்சுத் திணறிச் செத்துவிடும். விவசாயிகளைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. கழுவிய நீரைத் தொட்டியில் தேக்கி, மண் படிந்த பிறகு விட வழி செய்து கொடுப்பது அரசின் கையில் இருக்கிறது.

மின்வாரியத்துக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். பைக்காராவில் 1932 முதல் மின்சாரம் எடுக்கிறோம். மின் தேவையை ஒட்டி நீர் திறக்கும்போது கீழே மாயாறு ஏறி இறங்குகிறது. எந்த நாளில், எந்த மணியில், எவ்வளவு நீர் திறக்கப்பட்டது என்ற பதிவை இந்த வரைபடத்தோடு சேர்த்துக் கொடுங்கள். அது இல்லாமல் மாயாற்றைப் பற்றிய எந்தக் கணக்கும் பாதிக் கணக்குத்தான்.

முதல் வரைவு தயாரானதும் அதைக் கிராம சபைகளில் விரித்து வையுங்கள். கோத்தர், படுகர், இருளர் ஊர்களில் ஒவ்வொரு ஓடைக்கும் பெயர் உண்டு. எந்த மீன் எந்தத் தலைமுறையில் காணாமல் போயிற்று என்று சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். சிறுபாலங்களைப் பொறுத்தவரை, எங்கள் மாணவர்கள் அளவுநாடாவோடு நடக்கத் தயார். எந்த ஓடையில் தொடங்குவது என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு புவியியல் ஆசிரியர்,
கோத்தகிரி