கொழும்பு வெக்கையில் கறுப்பு பியர்

அன்புள்ள மச்சான்,

கடிதம் கிடைத்தது. பேரன் தவழத் தொடங்கிவிட்டான் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே எல்லாரும் சுகம். வெள்ளவத்தையில் மழை விட்டபாடில்லை.

பனிக்காலம் வந்தால் டொரொண்டோ கடைகளில் ஸ்டவுட் என்கிற கறுப்பு பியராக அடுக்கிவிடுகிறார்கள், அது குளிருக்கானது என்றாயே, அந்தக் கூத்து என் வீட்டிலும் நடந்தது. அக்காவின் மகன் லண்டனிலிருந்து வரும்போது நாலைந்து போத்தல் கொண்டுவந்தான். பின்னேரம் பல்கனியில் கடலை வடையோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்தோம். ஓட்ஸ் சேர்த்தது வழுவழுவென்று இறங்கியது. மில்க் ஸ்டவுட்டில் பால் இல்லையாம்; லக்டோஸ் என்கிற பால் சர்க்கரை போடுகிறார்கள், அதை ஈஸ்ட் தின்னாது, இனிப்பு அப்படியே தங்கிவிடும். கிறிஸ்மஸுக்கென்று கறுவாவும் வனிலாவும் போட்ட ஒன்றைப் பாதியில் வைத்துவிட்டேன். கறுவா விளைகிற நாட்டுக்காரனிடம் அதெல்லாம் எடுபடுமா?

பொடியன் விஷயம் தெரிந்தவன். 18ஆம் நூற்றாண்டில் லண்டன் நாட்டாமிகள் மூட்டை இறக்கிவிட்டுக் குடித்த போர்ட்டர் என்கிற பியர்தான் இதற்கெல்லாம் மூத்தது; அதில் கடுமையானதை ஸ்டவுட் போர்ட்டர் என்றார்கள். அப்போது அது மண்ணிறம்தான். 1817இல் டானியல் வீலர் என்பவர் மால்ட்டை (முளைகட்டிக் காயவைத்த பார்லி) இரும்பு உருளையில் போட்டுக் கோப்பிக்கொட்டை மாதிரி வறுக்கும் முறைக்குக் காப்புரிமை எடுத்தார். அந்தக் கறுப்பு மால்ட் கொஞ்சம் போட்டாலே போதும், முழுப் பீப்பாயும் கறுத்துவிடும். ரஷ்ய அரசவைக்குக் கப்பலேற்றியது இன்னும் கடுமையான சரக்கு.

கடைசியாக நம்முடைய லயன் ஸ்டவுட்டைத் திறந்தோம். உள்ளதைச் சொன்னால், அன்றைக்கு வென்றது அதுதான். 8.8 சதவீதம், ஆனால் காரம் தெரியாது. கருகிய சீனி, கோப்பி, கொஞ்சம் பனங்கட்டி வாசம். மைக்கல் ஜாக்சன் (பாடகர் இல்லை, பியர் பற்றி எழுதிய இங்கிலாந்துக்காரர்) இதைத் தேடி வந்து புகழ்ந்திருக்கிறார். நுவரெலியாக் குளிரில் தொடங்கிய கம்பனி, இப்போது கொழும்புக்குப் பக்கத்துப் பியகமவில் வடிக்கிறது. எங்களுடையது, ஜமேக்காவுடையது போன்ற இனிப்பும் வீரியமும் கூடிய வகையை வெப்பமண்டல ஸ்டவுட் என்று தனியாகவே பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆகவே குளிர்காலத்துக்குத்தான் ஸ்டவுட் என்று இனி என்னிடம் சொல்லாதே.

ஒன்று மட்டும்: கடையில் விறைக்க விறைக்கத் தருவார்கள், அப்படியே குடித்தால் கசப்புத்தான் மிஞ்சும். கால் மணித்தியாலம் வெளியே வைத்துவிட்டு ஊற்று.

தைப்பொங்கலுக்கு வருவதாகச் சொன்னாய். ஓட்ஸ் ஸ்டவுட் இரண்டு பெட்டியில் வைத்துக் கொண்டு வா. போயா (பௌர்ணமி) நாளில் மட்டும் வந்து இறங்காதே, மதுக்கடையெல்லாம் பூட்டு.

அன்புடன்,
உன் மச்சான்