ஐ.டி. தலைவருக்கு அதிகாரமும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொழில்நுட்பத் தலைமை அதிகாரிகளின் பொறுப்பு மாறிவருவது பற்றிய கட்டுரையைப் படித்தேன். வங்கிகளையும் மென்பொருள் நிறுவனங்களையும் மனத்தில் வைத்து எழுதியிருக்கிறார்கள். மணலி, எண்ணூர், திருவொற்றியூர் பக்கத்து ஆலைகளையும் கன்டெய்னர் யார்டுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஐ.டி. தலைவர் என்றால் மெயில், பில்லிங், பிரிண்டர் பார்த்துக்கொள்பவர் என்ற நினைப்பு இங்கே இன்னும் போகவில்லை. வால்வைத் திறக்கும் பி.எல்.சி. என்ற கட்டுப்பாட்டுக் கணினி, லாரி எடைமேடை, கேட்டில் கன்டெய்னர் எண்ணைப் படிக்கும் கேமரா எல்லாம் பல இடங்களில் ஒரே நெட்வொர்க்குக்கு வந்துவிட்டன. அலுவலகத்தில் ஒருவர் திறக்கும் வைரஸ் மெயில் அந்த வழியாகவே ஆலைக்குள் இறங்கும். ஆலைக் கணினிகளில் பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் பேட்ச்சை நினைத்தபோது போட முடியாது; ஆலையை நிறுத்தும் ஷட்டவுன் வரை காத்திருக்க வேண்டும். அதனால் அலுவலக நெட்வொர்க்கையும் ஆலை நெட்வொர்க்கையும் ஃபயர்வால் என்ற தடுப்பு வைத்துப் பிரிக்க வேண்டும். இயந்திரம் விற்ற கம்பெனி வெளியிலிருந்து இணையும் வழியை அவர்கள் வேலை செய்யும் நேரத்துக்கு மட்டும் திறந்து மூட வேண்டும். பி.எல்.சி.யோடு வந்த பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். செலவு பெரிதில்லை, உற்பத்தி மேலாளர் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான். கணக்குப் பிரிவுக்குக் கீழே இருக்கும் ஐ.டி. அதிகாரி சொன்னால் அவர் கேட்பாரா? நிர்வாக இயக்குநரிடம் நேரே பேசும் இடத்தில் ஐ.டி. அதிகாரியை வைக்க வேண்டும்.

2017 ஜூனில் நாட்பெட்யா என்ற கணினி வைரஸ் தாக்கியபோது மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் சுமார் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவியது. மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அதன் முனையமும் முடங்கியது. பயனர் கணக்குகளை வைத்திருந்த சர்வர்களில் தப்பியது ஒன்றே ஒன்று. கானாவில் மின்தடையால் அணைந்து கிடந்ததால் தப்பியது. அதனால்தான் சொல்கிறேன், பேக்கப்பில் ஒரு பிரதியாவது நெட்வொர்க்கைத் தொடாமல் வெளியூரில் இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து தரவை மீட்டு (ரீஸ்டோர் செய்து), எத்தனை மணி நேரம் ஆகிறது என்று குறித்துவைக்க வேண்டும். 'சக்சஸ்' என்று காட்டிய பேக்கப் ரீஸ்டோரில் காலை வாரிவிடுவது உண்டு. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்துக்குப் பிறகும் சர்வரையும் யு.பி.எஸ். பேட்டரியையும் தரைத்தளத்தில் வைப்பதை ஏற்கவே முடியாது.

கணினித் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பின் 2022 ஏப்ரல் உத்தரவுப்படி, தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும்; கணினியில் எப்போது என்ன நடந்தது என்று காட்டும் லாக் பதிவுகளை 180 நாள் காக்க வேண்டும். கேமரா, சர்வர், பி.எல்.சி. கடிகாரங்கள் ஒத்துப்போகாவிட்டால் அந்த லாக்கிலிருந்து எது முதலில் நடந்தது என்று சொல்ல முடியாது. இரவு 2 மணிக்குத் தெரிந்தால் காலை 8 மணிக்குள் தகவல் போக வேண்டும். ஆலையை நிறுத்தச் சொல்வது யார், தகவல் அனுப்புவது யார் என்று முன்பே எழுதித் தராத நிறுவனத்தில் அந்த 6 மணி நேரமும் மேலதிகாரிகளுக்குப் போன் போடுவதிலேயே போய்விடும்.

– ஒரு வாசகர், தண்டையார்பேட்டை, சென்னை